உட்கார்ந்து பார்க்கும் உயரம்

ராத்தா,

அலுமாரியைத் துப்புரவாக்கும்போது என் கடைசி வருட அறிக்கை கைக்கு வந்தது. அட்டையில் பாதியைக் கரப்பான் தின்றுவிட்டது. உள்ளே நான் ஒட்டிவைத்த நிறத் துண்டுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன: சுண்ணாம்பில் மஞ்சள் காவி கலந்தது, நீலம் கலந்தது, இரண்டும் சேர்ந்து வந்த அந்தக் கறுத்த பச்சை. பச்சையைக் கண்டதும் உங்களுக்கு எழுத வேண்டும் போல இருந்தது. நீங்கள் மௌத்தாகி, உங்களை அடக்கி ஒன்றரை வருடமாகிறது.

சூறாவளிக்கு மறு வருடம் வாப்பா உங்களுக்கு வீடு கட்டத் தொடங்கினார். கலியாணத்துக்கு முன்னமே பெண்ணின் பெயரில் வீடு எழும்பிவிட வேண்டும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் அப்போது கொழும்பில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டடத்தை எடுத்து அதன் நிறம், வடிவம், பொருள் மூன்றையும் ஆராய்ந்து எழுதச் சொன்னார்கள். கூடப் படித்தவர்கள் பழைய கோட்டை, ரயில் நிலையம் என்று அலைந்தார்கள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? உங்கள் வீட்டையே எடுத்துக்கொண்டேன். வாப்பா கேட்டது ஒன்றே ஒன்று, சுவர் தடிப்பாக இருக்க வேண்டும். சூறாவளியில் சொந்தக் கூரை பறந்ததைக் கண்ணால் கண்ட மனுஷன். மற்றதையெல்லாம் என்னிடம் விட்டுவிட்டார்.

உள் அறையில், கிணறும் மரங்களும் இருந்த வளவுப் பக்கச் சுவரில்தான் என் முழுக் கெட்டித்தனமும் இறங்கியது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எங்கும் வெட்டுப்படாத சுவர். கூரையை ஒட்டி மட்டும் சின்னதாக ஒரு ஜன்னல். வெளியே மஞ்சள் காவி, உள்ளே அந்தக் கறுத்த பச்சை. மேலிருந்து விழும் வெளிச்சம் பச்சையில் எடுப்பாகத் தெரியும் என்று நம்பினேன். பூச்சு காயும் முன்னமே நீங்கள் வந்து பார்த்தீர்கள்.

"தம்பி, ஜன்னலக் கொஞ்சம் பதிச்சு வையன். பாயில இரிந்தா வளவு தெரியோணும்."

"சுவர்ர வடிவம் கெட்டுப்போகும் ராத்தா."

"வெள்ளையாச்சும் பூசு. இது குகை மாதிரி இரிக்கி."

"ஒங்களுக்குக் கலர் விளங்காது."

நீங்கள் சிரித்தீர்கள். "ஓம், விளங்காதுதான். ஆனா சுவர் ஒன்ட, வீடு என்ட. அத மறந்துராத." அதோடு விட்டுவிட்டீர்கள். கலியாண வேலை தலைக்கு மேல் கிடந்தது. என் அறிக்கைக்கு நல்ல புள்ளி கிடைத்தது. 'துணிச்சலான சுவர்' என்று விரிவுரையாளர் ஓரத்தில் எழுதியதை ஊரெல்லாம் காட்டித் திரிந்தேன்.

நாலு வருடம் கழித்து, உங்களைக் கட்டிய மச்சான் அறுவடைக்குப் போன இடத்தில் வரம்பிலேயே விழுந்தார். மாரடைப்பு. நீங்கள் இத்தா இருந்தீர்கள், கணவன் மௌத்தானபின் பெண் அந்நிய ஆண் கண்ணில் படாமல் இருக்கும் நாலு மாதமும் பத்து நாளும். உம்மா பழைய வழக்கத்தில் கொஞ்சமும் தளராதவ. நீங்கள் அந்த அறையைவிட்டு முற்றத்துக்குக்கூட வரவில்லை. நாற்பதாம் நாள் கத்தம் ஓதுவதற்கு நான் கொழும்பிலிருந்து வந்தேன். கூடப்பிறந்தவன் என்பதால் உள்ளே வரலாம். பகல் பதினொரு மணிக்கு அறை இருண்டு கிடந்தது. நான் வரைந்த அறையில் அன்றுதான் முதன்முதலாகப் பாயில் உட்கார்ந்தேன்.

"உச்சியில, லுஹர் பாங்குக்குக் கிட்ட ஒரு கையளவு வெயில் இந்த மூலையில விழும். பிறகு ஒன்ட பச்சை அதத் திண்டுரும்" என்றீர்கள். குறை சொல்லும் குரலாக இல்லை. வெளியே உங்கள் மூன்று வயது மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. நீங்கள் பேச்சை நிறுத்திக் காது கொடுத்தீர்கள்.

"சத்தம் மட்டும்தான் கேக்குது. கிணத்துக்குக் கிட்டப் போறாளோ எண்டு தெரியுதில்ல. எத்தின தரம் எக்கிப் பாத்தன். வானந்தான் தெரியுது."

நான் பதறிப்போய், நாளைக்கே மேசனைக் கூட்டி வருகிறேன் என்றேன்.

"ஒனக்கென்ன பைத்தியமா? இத்தாவில இரிக்கன். அந்நிய ஆம்புள இதுக்குள்ள வாறதா?"

இன்னும் மூன்று மாதம் இருந்தது. அடுத்த வீட்டில் சுத்தியலும் உளியும் இரவல் வாங்கினேன். அதுவரை ஒரு செங்கல்லையும் நான் கையால் தொட்டு வைத்தவனில்லை. வாப்பாவின் தடித்த சுவர் இரண்டு நாள் எடுத்தது. நீங்கள் மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு மூலையில் இருந்தீர்கள். "துணிச்சலான சுவர்தான்டா, உடையுதில்லையே" என்றீர்கள். மச்சான் போனபின் நீங்கள் செய்த முதல் பகிடி அதுதான் என்று உம்மா பிறகு சொன்னா. திறப்பின் மேல் சுமை தாங்க உடைந்த கட்டிலின் சட்டங்களை வைத்தேன். ஒரு பக்கம் இறங்கிவிட்டது. பச்சைக்கு மேல் மூன்று தரம் வெள்ளை அடித்தும் நிறம் கசிந்துகொண்டே இருந்தது.

நீங்கள் பாயில் இருந்தபடி பார்த்தீர்கள். மகள் கொய்யா மரத்தடியில் கோழிக்கு மண் ஊட்டிக்கொண்டிருந்தாள். நீங்கள் கூப்பிட, ஓடிவந்து அந்தக் கோணல் திறப்புக்குள் முகத்தை வைத்து "உம்மா" என்றாள். நான் சாந்துச் சட்டியைக் கழுவப் போகிறேன் என்று எழும்பினேன். கிணற்றடியில் நின்று நன்றாக அழுதேன்.

இத்தா முடிந்த கிழமையே மேசனோடு வந்தேன், நல்ல மரத்தில் நிலை வைத்து ஜன்னலை நேராக்க. நீங்கள் விடவில்லை.

"கோணல்தான். இரிக்கட்டும். இந்த வீட்டில நீ எனக்கெண்டு செஞ்சது இது ஒண்டுதான்."

அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளை வரைந்துவிட்டேன். ஜன்னல் குறிக்குமுன் அந்த இடத்தில் தரையில் உட்கார்ந்து பார்ப்பேன். வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். இப்போது எழும்புவதற்கு யாராவது கை தர வேண்டியிருக்கிறது. ஆனால் 'இது ஒண்டுதான்' என்று நீங்கள் அன்று சொன்னதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது ராத்தா. முழு வீட்டையும் நான்தானே வரைந்தேன் என்று மனதுக்குள் உங்களோடு வருடக்கணக்காக வாதாடினேன். தோற்றுப்போனதை மட்டும் உங்கள் காதில் விழச் சொல்லவில்லை. ஓம் ராத்தா, அது ஒன்றுதான்.