புரட்டாசியில் வஹாக்கா

அக்டோபர் 6, ஞாயிறு. ரிச்சர்ட்சன், டல்லஸ் பக்கம்

இன்னும் வெயில். ஏசி ஓடுகிறது. வியாழன் காலை ஃபிளைட். பெட்டி இனிமேல்தான்.

ஆபீஸ் ராமோன், மெக்ஸிகோவில் தன் ஊரான வஹாக்காவில் விடக்கூடாத ஐட்டங்களை எழுதிக் கொடுத்த பேப்பர் இரண்டு மாதமாகப் பர்ஸில். மடித்து மடித்துக் கிழிகிறது. கறுப்பு மோலே என்கிற மிளகாய்க் குழம்பு, கோழியோடு. வாழையிலையில் அவித்த சோளமாவுத் தமால், கோழி. த்லாயுதா, மேலே சுட்ட கறி. குழியில் வேகவைத்த ஆட்டு பார்பகோவா, ஞாயிறு மட்டும். வறுத்த வெட்டுக்கிளி (யோசிக்கலாம்).

சாயங்காலம் மலர் ஊர்க் காலண்டரோடு வந்து நின்றாள்.

“ஏனுங்க, டிக்கெட் புக் பண்றப்ப இதைப் பாத்தீங்களா?”

புரட்டாசி. மாதம் முழுக்கக் கறி கிடையாது. பத்தாததற்குப் பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை, மகாளய அமாவாசை. கேன்சல் பண்ண முடியாத டிக்கெட். கோபிச்செட்டிபாளையத்தில் பிறந்தவன் செய்கிற வேலையா இது?

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. மார்ச்சில் மாமனார் இறந்ததிலிருந்து எதற்கும் சண்டை இல்லை. மூன்று வேளையும் தயிர்சாதம், ஊறுகாய்.

அக்டோபர் 8, செவ்வாய்

எடுக்க: பாஸ்போர்ட், மெக்ஸிகோ விசா, பர்மிட், வயிற்று மாத்திரை, பருப்புப்பொடி.

பர்மிட்டை எடுத்தபோதுதான் பேச்சு வந்தது. க்ரீன் கார்டு கைக்கு வருகிற வரை அது இல்லாமல் வெளியே போனால் திரும்ப முடியாது. மாமனாருக்கு முடியாமல் போனபோதே அப்ளை பண்ணினோம். காரியம் முடிந்து இருபது நாள் கழித்து வந்தது. ஒரே பெண், போகவில்லை.

“எங்கப்பாவப் பாக்க வராத பேப்பர், மோலே திங்கறதுக்கு வந்துருச்சு.”

சரியாகத்தான் சொன்னாள்.

அதன்பின் ஒவ்வொரு அமாவாசையும் அபார்ட்மென்ட் பால்கனியில் சோறு வைக்கிறாள். அணில் தின்கிறது. காக்கா தொடவில்லை. காக்கா எடுக்காமல் அவள் சாப்பிடுவதில்லை. அன்று முழுப் பட்டினி. “அப்பாவுக்குக் கோவம் தீரலீங்க” என்கிறாள். கட்டிக்கொடுத்த பெண் அமாவாசை விரதம் இருக்கக் கூடாது என்று போனில் என் அம்மா. “பையன் இல்லாத வீட்ல வேற யாருங்க அத்தை வெப்பாங்க?” என்றாள் மலர்.

அக்டோபர் 10, வியாழன். வஹாக்கா

தூறல். நல்ல குளிர். ராமோனின் அத்தை தோன்யா எலோயிசா நடத்தும் விடுதி, ஐந்தே ரூம், பெரிய சமையல்கட்டு. புரட்டாசிக்காக ராமோன் ஸ்பானிஷில் எழுதித் தந்த இரண்டாவது சீட்டை நீட்டினேன். கறி வேண்டாம், கோழி வேகவைத்த தண்ணீர் வேண்டாம், பன்றிக் கொழுப்பு வேண்டாம். இங்கே கொழுப்பு அவரைப் பருப்புக்குள்ளும் ஒளிந்திருக்குமாம். அந்தம்மா இரண்டு முறை படித்தார். அய்யோ பாவம் என்று என்னைப் பார்த்தார். மலரைப் பார்த்துத் தலையாட்டினார்.

இரவு: பூசணிக் கொடியையும் பூவையும் போட்ட சூப். பூசணிக் கொழுந்தைக் கொதிக்கவிட்டுக் குடிக்கலாம் என்று நம்மூரில் ஒருவருக்கும் தோன்றவில்லையே. இரண்டு கிண்ணம். மலர் அரைக் கிண்ணம்.

அக்டோபர் 11, வெள்ளி

மார்க்கெட். மிளகாய் மட்டுமே ஒரு தெரு. கறுப்பு, சிவப்பு, மஞ்சள், புகை போட்டது. தும்மித் தீர்த்தேன்.

தேஹாத்தே: மக்காச்சோளமும் கொக்கோவும் அரைத்து, கடைக்கார அம்மாள் முழங்கை வரை விட்டுக் கலக்க, மேலே வெள்ளை நுரை. சுரைக் குடுக்கையில் கொடுக்கிறார்கள். சில்லென்று இறங்குகிறது. மூன்று. த்லாயுதா: முறம் அகல ரொட்டி, பருப்பு, நூல்நூலாகச் சீஸ். கறி, கொழுப்பு இல்லாமல். தப்பே இல்லை. கையெடுத்துக் கும்பிடலாம்.

மலர் வாங்கியது: ஒரு வாழையிலை. நாளைக்கு.

“இந்த ஊர்ல காக்கா இருக்குமாங்க?”

பார்த்தவரை இல்லை. இருக்கும் என்றேன்.

அக்டோபர் 12, சனி. அமாவாசை

வெயில் வந்துவிட்டது. மலர் தலைக்குக் குளித்து, சமையல்கட்டில் ஒரு அடுப்பு கேட்டு வாங்கினாள். பச்சரிசிச் சோறு, பூசணிப் பொரியல். அப்பாவுக்கு என்று சைகையில் சொன்னாள், மேலே கை காட்டி. தோன்யா எலோயிசா உடனே அம்மியை இறக்கினார். கருக வறுத்த மிளகாய், எள், பாதாம், நேந்திரம் மாதிரி வாழைப்பழம், கடைசியில் சாக்லேட். எண்ணெயில் வதக்கி, வெறும் தண்ணீர் விட்டு. நாலு மணி நேரம். கறுப்பு மோலே. இலையில் சோற்றுக்குப் பக்கத்தில் அவரே ஒரு கரண்டி வைத்தார். மாமனாருக்குக் காரம் உயிர்.

மொட்டை மாடி. “கா, கா” என்று மலர் கூப்பிட்டாள். அரை மணி. ஒன்றுமில்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பசியில் எனக்குக் கண் இருட்டியது. அதை எழுத வெட்கம், ஆனால் உண்மை.

அப்புறம் ஒன்று வந்து உட்கார்ந்தது. கறுப்பு, நீண்ட வால், மஞ்சள் கண். ரிச்சர்ட்சன் மளிகைக் கடை பார்க்கிங் லாட்டில் கத்துமே, அந்த ஜாதி. காக்கா இல்லை. சொல்ல வாயெடுத்து, நல்லவேளை, மூடிக்கொண்டேன். அது சோற்றைச் சீண்டவில்லை. மோலேயில் மூக்கை விட்டது. இன்னொரு வாய். தலையைத் தூக்கிக் கத்தி இரண்டு பேரைக் கூப்பிட்டது.

மலர் அழுதாள். மார்ச்சுக்குப் பிறகு இப்போதுதான் சத்தமாக.

“ஈரோடு தாண்டிப் போவாத மனுசன். இவ்வளவு தூரம் வந்திருக்காரு பாருங்க.”

கீழே வந்து சாப்பிட்டோம். முதலில் காரம், பிறகு புகை, பிறகு இனிப்பா கசப்பா தெரியாத ஒன்று. விழுங்கிய பிறகும் நாக்கில் நிற்கிறது. கோழி ஞாபகமே வரவில்லை. மலர் மூன்று முறை வாங்கினாள். தோன்யா எலோயிசா நான்காவதும் போட்டார். “போதுங்க” என்று தமிழில் சொல்லிவிட்டு அதையும் சாப்பிட்டாள்.

அக்டோபர் 14, திங்கள். டல்லஸ் ஏர்போர்ட், பெட்டிக்காகக் காத்திருக்கையில்

பெட்டிக்குள் ஒரு கிலோ மோலே விழுது.

இமிக்ரேஷனில் பர்மிட்டை மலரே நீட்டினாள். எதற்குப் போனீர்கள் என்றார் ஆபீசர். வெக்கேஷன் என்று நான் சொல்வதற்குள், “டு ஸீ மை ஃபாதர்” என்றாள். எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.

“நல்லா சாப்பிட்டாரு” என்றாள், இங்கிலீஷில். முத்திரை விழுந்தது.