விளிம்பு வரை ஊற்றிய கோப்பை

சாவோசூ,
ஏழாம் மாதம், விடாத மழை.

அன்பு மகள் பெய்ச்சுன்னுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, பழக்க தோஷம். ஒருவரும் நலமில்லை. நீயாவது அங்கே சியாமெனில் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

என் போனைத் தடுத்து வைத்திருக்கிறாய். அப்பா போனையும்தான். அத்தை கூப்பிட்டால் மட்டும் எடுத்து, "எனக்கு வேலை இருக்கு அத்தை" என்று வைத்துவிடுகிறாயாம். சரி, வேலையைப் பார். ஆனால் வீட்டிலிருந்து தேயிலைப் பொட்டலம் வந்தால் அதைப் பிரித்து முகர்ந்து பார்க்காமல் உன்னால் இருக்க முடியாது. நான் பெற்ற பெண்தானே, எனக்குத் தெரியாதா. அதனால்தான் இதை மடித்துத் தேயிலைக்கு அடியில் வைக்கப் போகிறேன். கோபம் வந்தாலும் கசக்கிப் போடாதே, கடைசி வரை படி.

அத்தையிடம் நீ சொல்லி அனுப்பியது வந்து சேர்ந்தது. "கல்யாணம் ஒன்பதாம் மாசம் ஃபூஆன்ல, தோங்ஷெங் வீட்டுல. அவனோட அப்பா அம்மாவுக்கு மட்டும் டீ குடுத்து முடிச்சுக்கறோம். எங்கப்பா வர வேண்டாம்." இதை அத்தை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தாள். பெற்றவர் முன் மண்டியிட்டு ஒரு கோப்பை தேநீர் கொடுக்காமல் என் பெண் கல்யாணம் செய்துகொள்வாளா? ஊரான் தேயிலையையெல்லாம் ருசி பார்த்துச் சொல்லியே இத்தனை வருடம் பிழைத்த மனிதருக்கு, தன் மகள் கையால் அந்த ஒரு வாய் கிடையாதா? அத்தையோ, "நான் என்ன பண்ணட்டும் அண்ணி, அப்பனும் பொண்ணும் ஒரே அச்சு" என்று சொல்லிவிட்டுத் தர்பூசணி வெட்டப் போய்விட்டாள்.

உன் பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. தோங்ஷெங் நம் வீட்டுக்கு வந்த அன்றைக்கு நடந்ததை நினைத்தால் எனக்கே உடம்பு கூசுகிறது. பாவம் அந்தப் பையன், அவ்வளவு தூரத்திலிருந்து அவன் அம்மா தேயிலைக்குள் பூ வைத்துக் கட்டிய உருண்டைகளைப் பெட்டி நிறையக் கொண்டுவந்தான். அவை வெந்நீரில் விரிவதைப் பார்க்கக் கண்ணாடிக் கூஜா, கண்ணாடிக் கோப்பைகள் வேறு. உன் அப்பா ஓர் உருண்டையைக் கையில் உருட்டி, "என்னப்பா, தேயிலைக்கு லிப்ஸ்டிக் போட்டு அனுப்பியிருக்காங்களா?" என்றார். அவன் முகம் சுளிக்கவில்லையே. "ருசியும் இருக்கும் மாமா, குடிச்சுத்தான் பாருங்களேன்" என்று சிரித்தான். எனக்கு அப்போதே அவனைப் பிடித்துப்போய்விட்டது.

அப்புறம் உன் அப்பா நம் பீனிக்ஸ் மலைத் தேயிலையை எடுத்தார். 'வாத்துப்பீ வாசம்' என்று அதன் பெயரைக் கேட்டு அவன் விழுந்து விழுந்து சிரித்தான். இவரும் சிரித்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளை கொண்டுவந்ததை வைக்காவிட்டால் மரியாதையாக இருக்காது என்று, உன் அத்தை நம் வெள்ளைக் கோப்பைகளை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கோப்பைகளை அடுக்கினாள். உன் அப்பா முதல் கோப்பையை அவனுக்கு ஊற்றினார். முக்காலில் நிறுத்தவில்லை. விளிம்பு வரை ஊற்றி, தட்டில் வழிய விட்டார்.

நிறைத்து ஊற்றினால் எழுந்து போ என்று அர்த்தம். இது நம் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அவன் ஊரிலும் அப்படித்தான் போலிருக்கிறது. நன்றி சொல்ல மேசையைத் தட்டப் போன அவன் விரல் அந்தரத்தில் நின்றது. கோப்பையைத் தூக்கினான், கையெல்லாம் கொட்டியது, நின்றபடியே குடித்தான். "நான் கிளம்பறேன் மாமா" என்றான். நீ பையை எடுத்துக்கொண்டு, "இதுக்குத்தான் கூப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனவள்தான்.

நீங்கள் படி இறங்கிய பிறகு நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. பிடிபிடி என்று பிடித்துக்கொண்டேன். அதற்கு உன் அப்பா சொன்ன பதிலைக் கேள்: "ஆமா, நிறைச்சுத்தான் ஊத்தினேன். இப்ப என்ன?" இப்படிச் சொல்கிற ஆளை என்ன செய்வது? எனக்கும் வீம்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து கஞ்சிக்கு முள்ளங்கி ஊறுகாய்கூட வைப்பதில்லை. வெறுங்கஞ்சியைக் குடித்துவிட்டு எழுந்து போகிறார்.

மனிதர் ஆளே மாறிவிட்டார், பெய்ச்சுன். செய்தித்தாளை நிறுத்திவிட்டார், எல்லாம் பொய்யாம். ஸ்கூட்டரைத் தொடுவதில்லை, பெட்ரோல் வாடை மூக்கைக் கெடுக்கிறதாம். இந்த வசந்தத்தில் தேயிலைப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட வந்தவர்களை, "இப்பல்லாம் நிறத்தைப் பார்த்து நம்ப முடியுதா, போங்கய்யா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! சந்தையில் பழைய சிநேகிதர் எதிரே வந்தால்கூட முகம் கொடுக்காமல் போகிறாராம். இந்த வயதில் இவருக்கு இவ்வளவு கர்வம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. இவரோடு குப்பை கொட்டுகிற எனக்குத்தான் தெரியும் என் பாடு.

மாடியில் துணி நனைகிறது. மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

*

பெய்ச்சுன், நான்தான். மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும். நான் எவ்வளவு முட்டாளாக இருந்தேன் என்று நீயும் தெரிந்துகொள்.

நேற்றுக் காலை எனக்கு ஒரு வெறி. அந்தப் பையன் கொண்டுவந்த பெட்டி அன்றிலிருந்து அப்படியே கிடக்கிறது. இவர் கண்ணெதிரே ஓர் உருண்டையைப் போட்டு, ரசித்து ரசித்துக் குடித்து வெறுப்பேற்ற வேண்டும் என்று கண்ணாடிக் கோப்பையை அவர் முன்னால் வைத்தேன். உருண்டையைப் போட்டு, பிளாஸ்க்கில் இருந்த தண்ணீரை ஊற்றினேன். அது ஆறிப்போன தண்ணீர். உருண்டை விரியவே இல்லை, முடிச்சு அவிழாத மூட்டையாக அடியில் கிடந்தது. சனியன் என்று சொல்லிக்கொண்டு கொதிக்கிற தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனேன். பின்னாலிருந்து உன் அப்பா, நடுவர் நாற்காலியில் உட்கார்ந்த குரலில் சொல்கிறார்: "ம், விரிஞ்சிருக்கு. சும்மா சொல்லக் கூடாது, நல்லாத்தான் கட்டியிருக்காங்க. சிவப்பு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி."

நக்கல் பண்ணுகிறார் என்றுதான் திரும்பினேன். நக்கல் இல்லை. கோப்பையை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கெட்டிலை அடுப்பிலேயே வைத்துவிட்டு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தேன். "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டேன். கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: "புது வருஷத்துக்கு முன்னாலேருந்து. எல்லாம் பனிக்குள்ள இருக்கற மாதிரி இருக்கு. வெள்ளைக் கோப்பைன்னா விளிம்பு கொஞ்சம் தெரியுது. கண்ணாடின்னா எது கோப்பை எது தண்ணின்னு தெரியலை."

கண்புரையாம். கரி வாங்கப் போகிறேன் என்று ஒரு நாள் ஷான்தோவுக்குப் போனாரே, அன்றைக்கே டாக்டரிடம் காட்டியிருக்கிறார். சின்ன அறுவை, செய்தால் தெளிந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவர் மாட்டேன் என்று வந்துவிட்டார். ஏன் என்றால், "கத்தி வெச்சு, மூக்கு போயிடுச்சுன்னா?" என்கிறார். "கத்தி கண்ணுலதானே வைக்கப் போறாங்க, மூக்குக்கு என்ன வந்தது?" என்றால், "எல்லாம் ஒரே மூஞ்சிதானேடி" என்கிறார். இந்த ஆளை வைத்துக்கொண்டு நான் எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது?

அழுதுகொண்டே கத்தினேன். "அன்னைக்கே வாயைத் திறந்து, கண்ணு தெரியலைன்னு சொல்லியிருந்தா என்ன கொறைஞ்சா போயிருப்பீங்க? உங்க பொண்ணு பையைத் தூக்கிட்டுப் போறா, அப்பவும் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தீங்களே!" அதற்கு அவர் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "அவகிட்ட சொல்லாதே. தெரிஞ்சா பரிதாபப்பட்டுக்கிட்டு ஓடி வருவா. அதுக்கு அவ கோவிச்சுக்கிட்டே இருக்கட்டும். கோவம்னா என்னைக்காவது ஆறும்" என்றார்.

அதற்கு மேல் நான் திட்டவில்லை. நன்றாகக் கொதித்த தண்ணீரில் வேறோர் உருண்டையைப் போட்டேன். விரிய ஆரம்பித்தது. அவர் சும்மா இருக்கிற மாதிரி இருந்துவிட்டு, "என்ன பண்ணுது?" என்று கேட்டார். சொன்னேன். இலைகள் கீழே வட்டமாகப் பிரிகின்றன, நடுவிலிருந்து மல்லிகை ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறுகிறது, உச்சியில் வாடாமல்லி சிவப்பாக நிற்கிறது. "சாயுதா, நேரா நிக்குதா?" என்றார். நேராக நிற்கிறது என்றேன்.

பிறகு கோப்பையை இரண்டு கையாலும் எடுத்து முகர்ந்தார். உறிஞ்சினார். நாக்கில் உருட்டி, விழுங்கிவிட்டு, தொண்டையில் இனிப்பு திரும்பி வருகிறதா என்று வாயை மூடிக் காத்திருந்தார். அந்த முகத்தை நீ பார்த்திருக்கிறாய். "இலை இந்த வசந்தத்து முதல் கிள்ளு. வெறும் மொட்டு. வாசம் ஏற மல்லிகையோட திரும்பத் திரும்பக் கிடத்தி எடுத்திருக்காங்க, அவசரப்படலை. பூவைக் காட்டிட்டு மட்டமான இலையைத் தலையில கட்டறவங்கதான் ஜாஸ்தி. இதைக் கட்டினவ அப்படி இல்லை" என்றார். "கட்டினவங்க உங்க சம்பந்தியம்மா" என்றேன். கோப்பையைக் கீழே வைத்தார். அதன் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே, "அந்தப் பையன் ருசியும் இருக்கும்னு சொன்னான்ல?" என்றார். அப்புறம், "இன்னொரு தண்ணி ஊத்து."

இன்று காலை எழுந்து வந்து பார்த்தால், மனிதர் தனியாக மேசையில் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் அந்தக் கண்ணாடிக் கோப்பைகள். ஆட்காட்டி விரலை விளிம்புக்கு உள்ளே மடித்து வைத்துக்கொண்டு ஊற்றுகிறார், சூடு விரலில் படும்போது நிறுத்துகிறார். கீழே கொட்டுகிறார். மறுபடி ஊற்றுகிறார். தேநீர் கொதிக்கக் கொதிக்கத்தானே இருக்கும்? விரல் நுனி சிவந்து கொப்பளித்துக் கிடக்கிறது. வெள்ளைக் கோப்பையை எடுத்துத் தருகிறேன் என்றதற்கு, "அவங்க அம்மா குடுத்து அனுப்பினது இதுதானே" என்றார். எண்ணெய் தடவ விரலைக் கேட்டால் அதையும் தர மாட்டேன் என்கிறார்.

இப்போது நீ சொல், நான் யாரோடு மல்லுக்கட்டுவது? இங்கே ஒருவர் வாயைத் திறக்க மாட்டார், அங்கே ஒருத்தி போனை எடுக்க மாட்டாள். நடுவில் நான் ஒருத்தி இரண்டு பேருக்கும் கஞ்சி காய்ச்சிக் கொட்டவா பிறந்தேன்? கத்தி வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னால் அவர் காதில் ஏறாது. நீ சொன்னால் ஏறும். எப்போதும் அப்படித்தான்.

இதோடு வருகிற வாத்துப்பீ வாசம் அவரே முகர்ந்து முகர்ந்து பிரித்து வைத்தது. மூக்கும் நாக்கும் இன்னும் ஊரிலேயே முதல்தான், சந்தேகம் வேண்டாம். யாருக்கு என்று கேட்டதற்கு, "அந்தப் பையனுக்கு ருசி தெரியுது, அனுப்பி வை" என்றார். அடியில் கடிதம் இருப்பது அவருக்குத் தெரியாது. உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று தலையாட்டிவிட்டுத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். போகட்டும், என் தலையெழுத்து.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நடை இரண்டு பேரும் வந்துவிட்டுப் போங்கள். பரிதாபத்தை முகத்தில் காட்டிக்கொண்டு வராதே, அவர் சுருங்கிப்போவார். முகம் தெரியாமல் குரலை மட்டும் வைத்தே பழகிய காது அது, குரலிலும் காட்டாதே. வாசலிலேயே நாலு திட்டுத் திட்டு, அதுதான் அவருக்கு நல்லது. தோங்ஷெங்கை அவருக்கு எதிரில் உட்கார வை. அவர் விரலை மடித்து வைத்துக்கொண்டு ஊற்றுவார். முக்காலில் நின்றால் நல்லது. நிற்காமல் விளிம்பு வரை வந்து வழிந்தால், கண்ணே, எழுந்துவிடாதீர்கள். குனிந்து, வாயை வைத்து உறிஞ்சிக் குடித்துவிட்டு, இன்னொன்று ஊற்றச் சொல்லிக் கோப்பையை நீட்டுங்கள்.

நீங்கள் இருவரும் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அம்மா.