அணையக்கூடாத கணப்பு

அக்கா,

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்காக எடப்பாடி வந்திருக்கிறேன். இன்று காலை புழக்கடையில் உங்கள் மகள் வெந்நீர் அடுப்பைத் தண்ணீர் தெளித்து அணைத்தாள். சுடுசாம்பல் நனைந்த வாடை எழுந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். பார்த்தவர்கள், துக்கம் தாங்காமல் நிற்கிறேன் என்று நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். துக்கம்தான். ஆனால் அதில் பாதி வெட்கம்.

அயர்லாந்தின் அந்தச் சிற்றூர் மதுக்கடையில் நாம் இருவரும் காலையில் துப்புரவு வேலை பார்த்தோம். நான் படிக்கப் போனவள். உங்களுக்கு ஒரு மாதம் முன்னால் சேர்ந்தவள். நீங்கள் கணவரோடு வந்தவர். ஊருக்குப் போன் பேசும்போதெல்லாம் "ஓட்டல்ல வேலைங்க" என்றே சொல்லி வைத்தீர்கள். கடைக்காரப் பெரியவரின் பாட்டனார் காலத்தில் அங்கே மாவு, தேயிலை, சவப்பெட்டி எல்லாம் விற்றார்களாம். பெண்கள் யார் கண்ணிலும் படாமல் குடிப்பதற்கென்று மரத்தடுப்பு போட்ட ஒரு குட்டி அறையும் இருந்தது. அதில் உட்கார்ந்துதான் நாம் தயிர்சோறு தின்றோம். "கள்ளுக்கடைன்னு பயந்தனே கண்ணு! இது டீக்கடையும் பஞ்சாயத்தும் ஒண்ணாச் சேந்த எடமாட்ட இருக்குது" என்றீர்கள்.

கடையின் நடுவே கணப்பு. சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த, புல்வேர் மக்கிய மண்கட்டிகள் அதில் விறகுபோல எரியும். கடை மூடும்போது தணலைச் சாம்பலால் மூடி, காலையில் கிளறி மறுபடி வளர்ப்பார்கள். கடை திறந்த நாளிலிருந்து அது அணைந்ததே இல்லை என்று பெரியவர் என்னிடம் சொல்லியிருந்தார். புதிதாக வருபவருக்கும் சொல்லிவிடு என்றார். நான் மறந்துபோனேன்.

நீங்கள் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை. ஊரில் அடுப்பைச் சுத்தம் செய்வதுபோலவே சாம்பலை வழித்து அள்ளினீர்கள். "வெள்ளிக்கெழமையாச்சே, கழுவி உட்றலாமா கண்ணு?" என்று கேட்டீர்கள். எதையோ யோசித்துக்கொண்டு வாளியைத் தூக்கி ஊற்றியவள் நான். புஸ்ஸென்று ஆவி எழுந்த பிறகுதான் பெரியவர் சொன்னது உறைத்தது. விஷயத்தைச் சொன்னதும் உங்கள் முகம் செத்துவிட்டது.

"லைட்டர் இருக்குதுங்கக்கா. பத்த வெச்சுரலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

"வேண்டாஞ் சாமி. அந்த மனுசன் நம்மள நம்பி கடைச் சாவியக் குடுத்திருக்கறாரு."

பெரியவர் வந்தார். எனக்கு முன்னால் போய் நின்று "நாந்தானுங்க" என்றீர்கள். பதற்றத்தில் தமிழ்தான் வந்தது. பிறகு தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னீர்கள். நான் வாயே திறக்கவில்லை. வேலை போய்விடும், படிப்பு நின்றுவிடும் என்று பயம். அவர் திட்டவில்லை. நனைந்த கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அரை மணி நேரம் கழித்து ஓர் இரும்பு வாளியில் தணல் கொண்டுவந்தார். அடுத்த தெருவில் இருக்கும் அவருடைய தங்கை, கல்யாணமாகிப் போனபோது வழக்கப்படி இந்தக் கணப்பிலிருந்துதான் நெருப்பெடுத்துப் போனாளாம். அங்கேயும் அது அணையவில்லை. "அதே நெருப்புதான். நீ சொன்னதால் வீடு திரும்பியது" என்றார். நீங்கள் தேம்பி அழுதீர்கள். நான் அப்போதும் சொல்லவில்லை.

அதன்பின் வருகிறவர்களெல்லாம் நெருப்பணைத்தவள் என்று உங்களைக் கேலி செய்தார்கள். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டீர்கள். ஒருமுறை உண்மையைச் சொல்ல நான் வாயெடுத்தபோது, "படிக்கற புள்ள, உடு" என்று அடக்கிவிட்டீர்கள்.

இன்று பிற்பகல் பெரியவரைப் போனில் அழைத்தேன். அங்கே கடை திறக்கும் நேரம். நீங்கள் போய்விட்டதைச் சொன்னேன். தெருவில் சவ ஊர்வலம் போகும்போது கடைக்கதவைச் சாத்தித் திரையை இழுத்துவிடுவாரே, "நம்மூர்லயும் ஷட்டரப் பாதி எறக்குவாங்களே" என்று நீங்கள் வியந்தீர்களே, அதையே செய்தார். கதவு சாத்தும் சத்தம் எனக்குக் கேட்டது.

அன்று வாளித் தண்ணீரை ஊற்றியது யார் என்று சொல்ல ஆங்கிலத்தில் வாக்கியம் தேடினேன். உங்கள் சொல்தான் வந்தது.

"நாந்தானுங்க."

"அப்படியானால் அன்று தண்ணீர் ஊற்றியது நீயா?" என்று கேட்டார் பெரியவர். அந்தச் சொல்லை அவர் மறந்திருக்கவில்லை, அக்கா. நான் அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.