பழரசம் குடித்தவர்கள்

மார்ச் 4

பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்புக்கு மூன்றாவது முறையாக விண்ணப்பிக்கிறேன். நாற்பது தாண்டினால் சேர்க்க மாட்டார்கள்; எனக்கு முப்பத்தொன்பது. இந்த முறையும் விட்டால், ஓய்வு பெறும் வரை ஊசியும் மருந்துக் கட்டும்தான். ‘நீங்களே ஆராய்ந்த ஒரு நோய்ப்பரவலைப் பற்றி எழுதுக’ என்று கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகளின் சிரங்குக்கு மருந்து தடவி அனுப்புகிறேன். அடுத்த மாதம் அதே சிரங்கோடு வந்து நிற்கிறார்கள். அது எங்கிருந்து வருகிறது என்று போய்ப் பார்க்க எந்த நர்ஸை விட்டார்கள்?

வீட்டுக்காரர் யோசனை சொன்னார்: “உன் கோபம் வீடு பூரா பரவுதே, அதை எழுதேன்.”

மார்ச் 9

ஒரு வரிகூட எழுதவில்லை.

மார்ச் 14

நேற்று எங்கள் மருந்தாளுநர் அக்காவுக்குப் பிரிவுபசார விருந்து. இன்று ஊழியர்களில் பாதிப்பேர் கழிவறை வாசலில். நானும்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது — அடியே, இது நோய்ப்பரவல்! சந்தோஷம் தாங்கவில்லை. இப்படியும் ஒரு ஜென்மமா?

மார்ச் 16

யார் எதைத் தின்றார்கள் என்று ஒருவர் விடாமல் கேட்டுவிட்டேன். என்னைக் கண்டாலே ஓடுகிறார்கள். “நான் எத்தனை தடவை போனேன்னு உங்களுக்கு எதுக்குக்கா?” என்று ஆய்வகத் தம்பி சண்டைக்கே வந்துவிட்டான்.

கேக்கை எல்லோரும் தின்றோம். பழரசம் குடித்தவர்கள் மட்டும்தான் படுத்தோம். சர்க்கரை நோய்க்குப் பயந்து குடிக்காதவர்கள் ஜம்மென்று நடமாடுகிறார்கள். அதைக் கலந்தது எங்கள் பெரிய டாக்டர்.

மார்ச் 17

ஐயோ ஐயோ. ஐஸ் தீர்ந்துபோனதும், தடுப்பூசிப் பெட்டியில் வைக்கிற ஐஸ் பேக்குகளை எடுத்து அப்படியே பழரசப் பாத்திரத்துக்குள் போட்டிருக்கிறார் மனிதர்! துப்புரவு அக்கா கண்ணால் பார்த்தாராம். அக்கா கேட்டதற்கு, “மூடிதான் இறுக்கமா இருக்கே” என்றாராம் டாக்டர். உள்ளே இருப்பது வராது, சரி. தெருத்தெருவாகச் சுற்றி, வண்டித் தரையில் உருண்டு, வெளியே ஒட்டியிருக்கிற அழுக்கு?

இதில் வேடிக்கை, எனக்குச் சிபாரிசுக் கடிதம் தர வேண்டியவர் அவர்தான். கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் தருவார். ‘ஓர் ஊழியர்’ என்று பூசி மெழுகிவிடலாமா? ஏன்டி உனக்கு இந்த வேலை?

மார்ச் 19

‘தலைமை மருத்துவர்’ என்றே எழுதிவிட்டேன். மகள் படித்துவிட்டு, “அம்மா, நீ காலி” என்றாள்.

மார்ச் 20

அவர் மேசைமேல் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

மார்ச் 22

முகம் கொடுத்தே பேச மாட்டேன் என்கிறார். போச்சு. போனால் போகட்டும் — போகட்டுமா? எப்படிப் போகட்டும்? எனக்கு அந்தப் படிப்பு வேணும். அவ்வளவு ஆசையா இருக்கு, யார்கிட்ட சொல்ல?

மார்ச் 23

கூப்பிட்டார். “சிஸ்டர், இதுல ஒரு தப்பு இருக்கு.” “நாலு பேக்னு எழுதியிருக்கீங்க. நான் ஆறு போட்டேன்.” சிவப்பு மையால் திருத்தியிருந்தார். கடிதத்தையும் கையில் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்: “நானும்தான் குடிச்சேன். வெளிய சொல்லிக்க முடியல.”

அறைக்கு வெளியே வந்துதான் சிரித்தேன்.

ஏப்ரல் 18

நேர்முகத் தேர்வு. நடுவில் இருந்த பேராசிரியை கேட்டார்: “உங்க டாக்டர் இதைப் படிச்சாரா?”

“படிச்சு, திருத்தியும் குடுத்தார் மேடம்.”

பக்கத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்கப் போய் இருமினார். பிறகு புள்ளியியலில் இறங்கினார்கள். அங்கேதான் வழுக்கி விழுந்தேன்.

மே 2

தகவல் இல்லை. நான் பார்க்கிற பார்வையில் போன் தேய்ந்துவிடும் என்கிறார் வீட்டுக்காரர்.

மே 11

ஊசி போடும் அறையில் ஒரு பெரியவருக்குப் போட்டு முடித்து, பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். ‘தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள்.’ மறுபடி பார்த்தேன். நின்ற இடத்திலேயே அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

அவர் பதறிப்போய் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்கு வலிக்கவே இல்லம்மா. நல்லாத்தான் போட்டே. அழாத.”