கோர்ட்டுப் புத்தகத்தில் இருந்த கருப்பையா

நேற்று மழையில் நனைந்து வந்து கம்பளியை அடுப்போரம் காயப் போட்டேன். சூடு ஏற ஏற அந்த ஈர வாடை ஒற்றை அறைக் காம்பரா முழுக்கப் பரவியது. உனக்குப் பிடிக்காத வாடை. "ஆடு செத்த மாதிரி நாறுது, வெளிய போடுங்க" என்று கத்துவாய். நேற்று கத்த ஆள் இல்லை. கம்பளி அது பாட்டுக்குக் காய்ந்தது. இதே கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு நீ ஹட்டன் கோர்ட்டுக்குப் போன நாளை நினைத்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அன்று நான் உன்கூட வரவில்லை. எல்லாம் நீ சொல்லிக் கேட்டதுதான். ஆனால் எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! கூடவே வந்தது போலத்தான் இருக்கிறது.

நமக்குப் பரிசம் போட நாள் குறித்த பிறகுதான் உன் அப்பாவின் காதில் யாரோ ஓதினார்கள்: "மாரிமுத்து மகன் கருப்பையாவா? கசிப்புக் கேஸ்ல ஜெயிலுக்குப் போனவனாச்சே." அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கே வந்து விசாரித்தார். "போனது உண்மைதாங்க" என்றார்கள். அதற்கு மேல் ஒருவரும் பேசவில்லை. சொன்னது பொய்யில்லை. ஆனால் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் மாரிமுத்து மகன் கருப்பையா இரண்டு பேர். தலைப்பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம். பெரியப்பா தன் மகனுக்கு வைத்தார், என் அப்பாவும் விட்டுக்கொடுக்காமல் எனக்கு வைத்தார். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே என் அப்பா போய்ச் சேர, பெரியப்பா மாரிமுத்து என்னைத் தன் மகனாகவே பேர் பதிந்து வளர்த்தார். லயத்தில் அவன் பெரிய கருப்பையா, நான் சின்னக் கருப்பையா. கோர்ட்டுக்கு ஏது பெரியது, சின்னது?

கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் காய்ச்சிப் பிடிபட்டது பெரிய கருப்பையா அண்ணன். வெளியே வந்ததும் வெட்கம் தாங்காமல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டான். நான் இல்லை, அவன்தான் என்று உன் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் கேட்டபோது பெரியம்மா காம்பரா வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவள் போட்ட சோற்றில் வளர்ந்தவன் அவள் முன்னால் அதை எப்படிச் சொல்வேன்? அவள் முகத்தைப் பார்த்துத்தான் லயமே வாயை மூடிக்கொண்டது, நானும் மூடிக்கொண்டேன். கல்யாணம் போனால் போகட்டும் என்று வாய் சொன்னதே தவிர, அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீதான் விடவில்லை. "கோர்ட்டுல எழுதி வச்சிருப்பாங்கல்ல? அதப் பாத்துட்டு அப்புறம் வேணாம்னு சொல்லுங்கப்பா" என்று அவரைக் கிளப்பிக்கொண்டு வட்டவளையில் ரயில் ஏறினாய்.

கோர்ட் வாசலில் பெட்டிஷன் எழுதுகிற ஐயா ஒருவரைப் பிடித்தீர்கள். அவர் மனு எழுதி, உள்ளே இருந்த கிளாக்கரிடம் சிங்களத்தில் நயமாகப் பேசி, பழைய கேஸ் புத்தகத்தைத் திறக்க வைத்தார். இங்கிலீசில் இருந்ததைத் தமிழில் படித்துச் சொன்னார். பெயர், அப்பன் பெயர், தோட்டம், எல்லாம் சரியாக இருந்தது. கசிப்புக் கேஸ், மூன்று மாதம் ஜெயில்.

"பாத்தியா? போதுமா?" என்றார் உன் அப்பா. தண்ணீர் சொட்டும் கம்பளியோடு நீ அசையாமல் நின்றாயாம்.

"ஐயா, தீர்ப்பு சொன்னது எப்பன்னு படிங்க."

தைப்பொங்கல் முடிந்த கையோடு தீர்ப்பு. உள்ளே போனவன் வெளியே வரச் சித்திரை ஆகியிருக்கும் என்றார் அவர்.

"அப்பா, அந்த வருசம் மாசி மாசம் நம்ம தோட்டத்துக் காமன் கூத்துல ரதி வேசம் கட்டுனது யாரு?"

ரதி கட்ட ஆள் கிடைக்காமல் உங்கள் தோட்டத்தார் என்னைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். ஆம்பளை வேஷம் கட்டினால் என் குரலுக்கு எடுபடாது.

"அம்மாவோட செவப்புச் சேலைய நீங்கதானப்பா அவரு கையில குடுத்தீங்க? ஜெயில்ல இருக்கிற ஆளு எப்புடி வந்து வாங்கிட்டுப் போவாரு?"

பெட்டிஷன் ஐயாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "கோர்ட்டுப் புத்தகம் பொய் சொல்லாது, புள்ள."

"பொய் சொல்லலைங்க ஐயா. எந்தக் கருப்பையான்னுதான் சொல்லல."

திரும்பும்போது ரயில் ரொசல்லை ஸ்டேசனைத் தாண்டியதும் உன் அப்பா, "அந்தச் சேலைய இன்னும் திருப்பித் தரல அவன்" என்று மட்டும் சொன்னாராம். அதுதான் அவர் சம்மதம். பரிசத் தட்டில் அந்தச் சேலையையும் துவைத்து மடித்து வைத்துக்கொண்டு வந்தேன்.

"என்னையே கேட்டிருக்கலாமே?" என்று பிறகு ஒருநாள் குறைப்பட்டேன். "உங்களக் கேட்டா இல்லன்னுதான் சொல்லுவீங்க. போயிருந்தாலும் இல்லன்னுதான் சொல்லுவீங்க" என்றாய். அப்புறம் நீயே, "காமன் எரிஞ்சதும் ரதியா விழுந்து அழுதீங்களே, எனக்கே கண்ணு கலங்கிருச்சு. அந்த மூஞ்சிய மறப்பனா?" என்றாய். எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க அடுப்பை ஊதினேன்.

பெரியம்மாவோடு ஒரே காம்பராவில் இருந்தோம். அவள் மகன் பேச்சை நீ வாய் தவறிக்கூட எடுத்ததில்லை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் யாராவது என்னை 'ஜெயில்காரன்' என்று கேலி பண்ணினால், கூடைக் கயிற்றை இழுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே மலைக்கு ஏறிவிடுவாய். கிழவிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கடைசிக் காலத்தில் உன் கையால் கொடுத்தால்தான் கஞ்சி குடித்தாள்.

போன ஐப்பசியில் உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது எனக்கு அழுகை வரவில்லை. "ரதி வேசத்துல அந்த அழுக அழுவாரு, பொண்டாட்டிக்கு ஒரு சொட்டு இல்ல பாரு" என்று பின்னால் பேசியது காதில் விழுந்தது. கண்ணால் பார்த்ததைத்தானே சொன்னார்கள், பொய்யில்லை.

நேற்று அடுப்போரம், உனக்குப் பிடிக்காத அந்த வாடையில் உட்கார்ந்து அழுதேன். சேலை இல்லை, அரிதாரம் இல்லை. இது எந்தக் கருப்பையா என்று பார்த்துச் சொல்ல நீதான் இல்லை.