மருந்துக்கோழி என்ற பெயர்

மச்சாள்,

இன்று பின்னேரம் சனசமூக நிலையத்தில் கோழி வளர்ப்பவர்களுக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். புதிதாக வந்திருக்கும் மிருக வைத்தியர் பேசினார். சின்ன வயதுக்காரர். தீனியில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கலப்பது பற்றிய விதிகளைச் சொல்லிக்கொண்டே ஒரு மஞ்சள் தூள் பைக்கற்றைப் பிரித்து, எல்லோரும் பார்க்கக் கைமாற்றி அனுப்பினார். என் கைக்கு வந்தபோது அந்தக் கசந்த மணம் மூக்கில் ஏறியது. சட்டென்று அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டேன். பின்வரிசையில் உங்கள் தம்பி, என் புருசன், இருந்தார். திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

அந்த மணம் எங்கள் கோழிக் கொட்டிலில் நின்ற நாட்கள் உங்களுக்கு மறந்திருக்காது. கோழிகள் இருமத் தொடங்கி, சிறகு தொங்கி, மூலைகளில் ஒடுங்கி நின்றன. அப்போதிருந்த வைத்தியர் எங்கள் ஊர் மண்கும்பானுக்கே வந்து பார்த்து, தீனியோடு கலக்க இதே தூளை எழுதித் தந்தார். மருந்தை நிறுத்திப் பத்து நாள் போகும்வரை ஒரு கோழியும் இறைச்சிக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் நீங்கள் ஒரு பழைய சிவப்புச் சீலையைக் கிழித்துக் கொட்டில் கதவில் கட்டினீர்கள்.

"இது தொங்குமட்டும் விக்கிறேல்லை. ஆர் வந்து கேட்டாலும் இல்லையெண்டு சொல்லும்" என்றீர்கள் என்னிடம்.

நான் சொன்னேன். வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினேன். வீட்டுக்குள் இருந்த ஆளைத்தான் என்னால் தடுக்க முடியவில்லை. நீங்கள் கண்ணை வைத்தியரிடம் காட்ட யாழ்ப்பாணம் போயிருந்த அன்று உங்கள் தம்பி ஓட்டோவைக் கொட்டிலடிக்குக் கொண்டுவந்து விட்டார். இறுப்பிட்டியில் கனடாவிலிருந்து வந்து நிற்கும் ஒரு குடும்பத்தின் வீட்டில் பேரப்பிள்ளையின் பிறந்தநாள். முன்னரே சொல்லி வைத்த கோழிகள்.

"சீலை கட்டிக் கிடக்கெல்லோ?" என்றேன்.

"மருந்து குடுத்து முடிஞ்சுதுதானே. மிச்சசொச்சம் கிடந்தால் என்ன, சனம் செத்தே போகப்போகுது? இண்டைக்குக் குடுக்காட்டி அவை இனி எங்கடை பக்கம் திரும்பியும் பாராயினம்."

நான் கத்தினேன். அவர் சீலையை அவிழ்த்துத் தன் சேட்டுப் பைக்குள் செருகிக்கொண்டு கோழிகளை ஏற்றினார்.

நீங்கள் பஸ்ஸால் இறங்கி வந்து, கை கால் கழுவாமல் நேரே கொட்டிலடிக்குத்தான் போனீர்கள். அரைவாசி வெறுமையாகக் கிடந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். நீங்கள் குடையைக்கூட வைக்காமல் ஒழுங்கைக்குப் போய், பக்கத்து வீட்டு ஓட்டோவைக் கூப்பிட்டீர்கள்.

"போன் எடுத்துச் சொல்லுவமே மச்சாள்?"

"இது போனிலை சொல்லுற கதையில்லை. முகத்தைக் காட்டிச் சொல்லவேணும். ஏறும்."

இறுப்பிட்டிக்குப் போகும் கடற்பாலத்தில் ஓட்டோ ஏறியது. இரண்டு பக்கமும் கடல் வற்றிச் சேறாகக் கிடந்தது. நீங்கள் ஏதாவது சொல்வீர்கள், என் புருசனைத் திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வீட்டு முற்றத்தில் பாட்டுப் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் கடதாசித் தொப்பி போட்டு ஓடித் திரிந்தார்கள். இறைச்சி வெட்டி, தூள் பிரட்டி, முதல் சட்டி அடுப்பில் ஏறியிருந்தது. நீங்கள் நேரே அடுப்படிக்குப் போய் விறகை வெளியே இழுத்தீர்கள்.

"இந்தக் கோழியைச் சமைக்காதேங்கோ. மருந்து திண்ட கோழி. விக்கக்கூடாத நாளிலை நான்தான் பிழையா வித்துப்போட்டன்."

பாட்டு நின்றது. நான் வாயைத் திறந்தேன். நீங்கள் திரும்பாமலே என் கையைப் பிடித்து இறுக்கினீர்கள். வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்காரர் முன்னுக்கு வந்தார். "திண்டால் செத்துப்போவமோ?"

"சாகமாட்டியள் ஐயா. இண்டைக்கு ஒண்டும் தெரியாது. ஆனா இப்பிடி மருந்துக்கோழி தின்னக் குடுத்துப் பழக்கினால், கிருமியள் மருந்துக்குப் பழகிப்போகும். நாளைக்கு இந்தப் பிள்ளையளுக்கு ஒரு வருத்தமெண்டு வரேக்கை அதே மருந்து கேளாமல் போகும். அதுதான் ஓடி வந்தனான்."

யாரோ சிரித்தார்கள். ஒரு பெடியன் போனைத் தூக்கிப் படம் எடுத்தான். "காசுக்காக எங்கடை பிள்ளையளுக்கு நஞ்சு குடுக்கப் பாத்திருக்கிறியள்" என்று ஒரு மனுசி உங்கள் முகத்துக்கு நேரே சொன்னா. நீங்கள் தலையாட்டினீர்கள். இறைச்சியை எல்லாம் சாக்கில் அள்ளிக் கட்டி, கோழிக்கு வாங்கிய அளவு காசை உங்கள் மடியிலிருந்து எடுத்து அவர்கள் முன்னாலேயே வைத்துவிட்டு, அதே ஓட்டோவில் திரும்பினோம். சாக்கு எங்கள் காலடியில் கிடந்தது. வளவின் பின்பக்கம் நீங்களே கிடங்கு வெட்டித் தாட்டீர்கள்.

ஓட்டோ ஓட்டம் முடிந்து உங்கள் தம்பி வந்தபோது நடந்தது அவருக்குத் தெரிந்திருந்தது. படலையடியிலேயே நின்றார். "சாப்பிட்டிட்டுப் படு" என்றீர்கள், அவ்வளவுதான். கோப்பையில் போட்டு வைத்த சோறு அப்படியே காய்ந்தது.

நீங்கள்தான் வித்ததாக ஏன் சொன்னீர்கள் என்று பிறகு ஒருநாள் குசினிக்குள் வைத்துக் கேட்டேன்.

"அவன் ஓட்டோ ஓடுறவன். நாலு சனத்தின்ரை முகத்திலை முழிக்கவேணும். எனக்கென்ன, நான் கோழியளோடை நிக்கிறனான்."

தாய் இல்லாமல் நீங்கள் தூக்கி வளர்த்த தம்பி. அவரை நீங்கள் காப்பாற்றியது எனக்கு விளங்கியது. ஆனால் அந்தப் பெயர் உங்களோடு ஒட்டிக்கொள்ளும் என்று நாங்கள் மூவருமே நினைக்கவில்லை. மருந்துக்கோழி. கடையடியில் உங்களைக் கண்டால் அப்படித்தான் சொன்னார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால், பிறகு முன்னாலேயே. நான் கடைக்கார அக்காவிடம் போய், வித்தது என் புருசன், மச்சாள் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னேன். "மச்சாளிலை உமக்கு அவ்வளவு பாசம், என்ன?" என்று சிரித்தா. உங்கள் தம்பி இறுப்பிட்டிக்கே போய் அந்த வீட்டுக்காரரிடம் தன் பிழையைச் சொன்னார். அந்த மனுசன் இவரின் தோளில் தட்டி, "அக்காவுக்காக இப்பிடி வந்து நிக்கிற தம்பி ஆருக்குக் கிடைப்பான்" என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பியிருக்கிறார். திரும்பி வந்து கிணற்றடியில் இருந்து அழுதார், மச்சாள். பிழை செய்த ஆளை மெச்சுகிறார்கள், பிழையைத் திருத்தின ஆளை ஏசுகிறார்கள். நாங்கள் உண்மையைச் சொல்லச் சொல்ல அது உங்களுக்கு எதிராகவே போனது.

கோழிகள் விலைப்படாமல் கிடந்த அந்த நாட்களில்தான் தீனிக்காரர் ஒருவர் வந்து, மருந்து கலந்த தீனி இருக்கிறது, கோழி கெதியாய்ப் பெருக்கும், நிறை கூடும், நோயும் அண்டாது, ஒருதரும் சோதிக்கமாட்டினம் என்று ஆசை காட்டினார். நீங்கள் அவரைக் கதிரையில் இருக்கவும் சொல்லவில்லை.

"சனம் என்னை மருந்துக்கோழி எண்டுது. சொல்லட்டும். அதை நான் உண்மையாக்க ஏலாது."

போன மாரியில், ஒருவருக்கும் கரைச்சல் கொடுக்காமல், நித்திரையிலேயே போய்விட்டீர்கள். செத்தவீட்டுக்கு வந்த இரண்டு பேர் படலையடியில் கதைத்ததை நானும் கேட்டேன், உங்கள் தம்பியும் கேட்டார். "ஆர் செத்தது?" "உவதான், மருந்துக்கோழி." அவர் பறைமேளக்காரருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். செம்பு கையில் இருக்க அப்படியே நின்றுவிட்டார்.

இன்றைய கூட்டத்துக்கு வருகிறேன். பெருக்கவைப்பதற்காகத் தீனியில் மருந்து கலக்கக்கூடாது, நோய்க்கென்றாலும் வைத்தியர் எழுதித் தராமல் வாங்கக்கூடாது, மருந்து நிறுத்தியபின் சொன்ன நாள் கழியாமல் விற்கக்கூடாது என்று அந்த வைத்தியப் பிள்ளை நிதானமாகச் சொல்லி முடித்தார். கடைக்கார அக்கா எழும்பினா.

"எங்கடை ஊரிலையும் ஒரு ஆள் இருந்தவ. மருந்துக்கோழி வித்தவ. அப்பிடியான ஆக்களாலைதான் எல்லாருக்கும் இந்தக் கரைச்சல்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழும்புவதற்கிடையில் பின்வரிசையில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

"அண்டைக்குக் கொட்டில் கதவிலை என்ரை அக்கா சிவப்புச் சீலை கட்டியிருந்தவ. விக்கக்கூடாது எண்டதுக்கு அடையாளம். அதைக் கழட்டிப் பொக்கற்றுக்கை வைச்சது நான். கோழியை ஏத்தினது நான், காசு வாங்கினது நான். அவ ஊரிலையே இல்லை. வந்து கேள்விப்பட்டு ஓடிப்போய் விறகை இழுத்து அடுப்பை நூத்தவ. அவ்வளவுதான் அவ செய்தது."

அவர் குரல் உடையவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. இந்த முறை அவர் பொய் சொல்லிக் காப்பாற்றுவதற்கு அக்கா உயிரோடு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே நம்பினார்கள். கடைக்கார அக்கா நிலத்தைப் பார்த்தபடி இருந்தா. மற்றவர்கள் எங்கள் இருவரையும் பார்த்தார்கள். அந்தப் பார்வை எப்படிப்பட்டது என்று இன்றுதான் அறிந்தேன், மச்சாள். இவ்வளவு காலம் அதற்குள்ளால்தான் நீங்கள் தனியாக நடந்து கடைக்குப் போய் வந்திருக்கிறீர்கள்.

வரும் வழியில் அவர் கேட்டார்: "இனி என்ரை ஓட்டோவிலை சனம் ஏறுமோ?"

"தெரியேல்லை" என்றேன். பொய் சொல்லித் தேற்ற மனம் வரவில்லை.

எங்களுக்குரிய வெட்கத்தை நீங்கள் வாங்கி வைத்திருந்தீர்கள். கேட்டும் தரவில்லை. இன்று அது எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. பாரமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும், மச்சாள். இனி இது எங்களுடையது.