மூன்றாம் வரிக்கு முன்னால் ஒரு மூச்சு

சின்சினாட்டி
நவம்பர் 9, 1987

அன்பு மகள் கோரலீக்கு,

அப்பா எழுதுகிறேன். முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்னபடி கேட்கிறது. அலாஸ்காவில் அதற்குள் பனி கொட்டுகிறதாமே, நீயும் மாப்பிள்ளையும் நலந்தானே? காதை மூடாமல் வெளியே போகாதே. இங்கே வாசல் இலைகளை இரண்டு முறை வாரிவிட்டேன், மூன்றாம் முறைக்கு மனம் ஓடவில்லை. காரணம் சொல்கிறேன், எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. அம்மாவின் பாட்டுகளையெல்லாம் சேர்த்துக் கம்பெனிக்காரர்கள் புதிதாக இசைத்தட்டு போடுகிறார்கள். ஊரறிந்த அந்த ஏரிக்கரைப் பாட்டில் இருப்பது அம்மாவின் குரல்தான், அவர்கள் எழுத்தில் 'மேக்ஸின் டெல்' குரல்தான், என்று நான் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட வேண்டுமாம். இரைச்சல் நீக்கிய கேசட் ஒன்றும் அனுப்பியிருந்தார்கள். வழக்கம்போல நோட்டில் குறித்துக்கொண்டே கேட்டேன். மூன்றாம் வரிக்கு முன்னால் அம்மா எப்போதும் மூச்சு இழுப்பாள், கேசட்டில் அது இல்லை. பதினேழு தடவை கேட்டேன். என் காதுதான் மழுங்கிவிட்டதோ என்றும் தோன்றியது.

அந்தக் காலத்தில் அம்மா பாடுவதற்கு முன்பு துணைப் பாடகி வெர்னெல் வந்து, அம்மாவைப் போலவே, அதே வாத்தியங்களோடு டேப்பில் மாதிரிக்குப் பாடிவைப்பாள். அதைக் கேட்டுத்தான் அம்மா பழகுவாள். இருவரின் டேப் பெட்டிகளின் மேலும் பெயர் எழுதியது நான். பயந்துகொண்டே வெர்னெல்லுக்குப் போன் செய்தேன். ஆற்றுக்கு அந்தப்பக்கம் முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏன் ஓர்வில், ஒரு மூச்சைக் கண்டுபிடிக்க உங்களுக்கு முப்பது வருஷமா? தட்டுல பாடினது நான்தான். தட்டு வெளிவந்த வாரமே உங்க மேக்ஸின் என் சமையலறையில உக்காந்து அழுதா. 'ஊரெல்லாம் பாட ஆரம்பிச்சிடுச்சு வெர்னெல், இப்ப சொன்னா பெட்டியில பேரை மாத்தி எழுதினது அவர்னு தெரிஞ்சிடும், அந்த மனுஷன் அப்புறம் பேனாவையே தொடமாட்டார்'னு சொன்னா. நானும் போய்த் தொலையட்டும்னு விட்டுட்டேன்" என்றாள். மேடையில் அந்த இடத்தில் மட்டும் அம்மா மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வாளே, ஞாபகமிருக்கிறதா? அந்த மூச்சு மைக்கில் விழக்கூடாது என்றுதான் திரும்பியிருக்கிறாள், நான் அழகுக்காக என்று நினைத்துப் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை, கோரலீ. உண்மையைச் சொன்னால் அம்மா சாகும்வரை மறைத்ததை நான் போட்டு உடைத்ததாகும். சொல்லாவிட்டால் வெர்னெல்லின் பெயர் அவளோடு போய்விடும். "எனக்கென்ன, சும்மா விடுங்க" என்றுதான் சொன்னாள், ஆனால் போனை வைக்கும் முன், தட்டின் உறையில் எழுத்து பெரிதாக இருக்குமா என்று கேட்டாள். அதன் பிறகு கம்பெனித் தாளில் கையெழுத்திட முடியவில்லை. தவறு என்னுடையது, பாடியது வெர்னெல் என்று தனியாக ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டிருக்கிறேன், இன்னும் ஒட்டவில்லை.

கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக. கேசட்டின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். கேட்டுவிட்டு, அது யார் குரல் என்று உனக்குப் படுவதை அடுத்த வாரம் வியாழனுக்குள் போனில் சொல். எனக்கு மனம் நோகுமே என்று அம்மாவைப் போல நீயும் மறைத்துவிடாதே.

உன் அன்பு அப்பா,
ஓர்வில் ஹென்றிக்ஸ்